அடுப்பு எரியாத நாளில் எழுதிய ‘இல்லை’

இன்று காலை அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். விறகை மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டம் போடுகிறவள் போலிருக்கிறது. சேலையெல்லாம் கருவேலம் புகை வாசம். நீ மூட்டம் போட்டதில்லை என்றாலும் உன் சேலையிலும் இதே வாசம்தான் இருக்கும். மூட்டம் போடுகிறவர்கள் வீட்டுக்குத் தினமும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவளிடம் வேறென்ன வாசம் வரும்? என்னை அறியாமல் திரும்பி முகத்தைப் பார்த்தேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது திருச்சுழி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

என் கைப்பையில் புதுப் பட்டியல் இருந்தது. முதியோர், கணவனை இழந்தவர்கள், நடமாட முடியாதவர்கள் என்று பென்ஷன் வாங்குகிறவர்களை மறுபடியும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விதியை மாற்றுகிறவர்களுக்கு அது ஒரு சுற்றறிக்கை. நாம் போய் நிற்கிற வாசலில் அது சோறு. இதை நான் தெரிந்துகொண்டது உன்னிடம்தான், அதுவும் உருப்படியாக ஒரு தப்புச் செய்த பிறகுதான்.

உன் ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலராக நான் மாறுதலாகி வந்தபோது நீ அங்கே தலையாரி. உன் வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் உனக்குக் கொடுத்தார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள். ஊரார் முன்னால் என்னை ‘மேடம்’ என்பாய். கோபம் வந்தால் மட்டும் ‘அக்கா’ என்பாய். எல்லோரும் கோபம் வந்தால் மரியாதையைக் குறைப்பார்கள், நீ உறவைக் கூட்டுவாய். நான் காவிரிக் கரைக்காரி என்பதில் உனக்கு ஓயாத கேலி. “உங்க ஊர்ல தண்ணி வாய்க்கால்ல ஓடும் மேடம். எங்க ஊர்ல டிராக்டர்ல ஓடும்” என்று சொல்லிவிட்டு நீயே சிரிப்பாய்.

அந்த வருஷம்தான் அந்த உத்தரவு வந்தது. ரேஷன் கார்டில் ஒற்றைப் பெயரோடு இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் உண்மையிலேயே தனியாக இருக்கிறார்களா, அல்லது உறவினர் வீட்டுப் பானையில் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தனிச் சமையல் உண்டா, இல்லையா என்று ஒரே கேள்வி. ‘இல்லை’ என்றால் பென்ஷன் நிற்கும். கூடவே அடுப்பைப் போட்டோ எடுத்துப் போனிலேயே ஏற்ற வேண்டும்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று, “ஒரு கல்லு உப்புக் குடுங்க, வாயெல்லாம் கசக்குது” என்பாய். தினமும் சமைக்கிறவள் பார்க்காமலே கையை நீட்டி உப்பை எடுப்பாள். ஒப்புக்கு அடுப்பு வைத்தவள் டப்பா டப்பாவாகத் திறப்பாள். அப்படி ஒரு வீட்டில் கரியே பிடிக்காத மூன்று புதுச் செங்கல்லைப் பார்த்துவிட்டு, “என்னத்தே, அடுப்புக்கு இன்னும் காதுகுத்தே ஆகலையா?” என்று நீ கேட்டதும் அந்த அம்மாளே சிரித்து ஒப்புக்கொண்டார்கள். வெளியே வந்து, “இவுக மகன் வீட்டுல நல்லாத்தான் இருக்காக மேடம், இல்லைன்னு எழுதிக்கோங்க” என்றாய். அவர்கள் உனக்குச் சொந்தக்காரர்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. உன்னிடம் எனக்கு முதலில் வந்தது மரியாதை, பிரியம் அதற்குப் பிறகுதான்.

கிழக்குத் தெரு மட்டும் பாக்கி இருந்தபோது நீ மகளைக் கல்லூரியில் சேர்க்க மதுரைக்குப் போனாய். “ரெண்டு நாளு பொறுங்க மேடம், நான் வந்துர்றேன்” என்றாய். நான் பொறுக்கவில்லை. தாலுகாவில் முதலில் முடித்தவள் என்ற பெயர் வேண்டியிருந்தது. போதாததற்கு, உன் துணை இல்லாமலும் எனக்கு வேலை தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வேறு.

அந்தத் தெருவில் ஏழு பேர். ஏழு அடுப்பும் சாம்பல் குளிர்ந்து கிடந்தது. தெருவின் மற்ற வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. கடைசியாகப் பாண்டியம்மாள் குடிசைக்குப் போனேன். புருஷன் இறந்தபின் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் தனியே இருப்பவர், சர்க்கரைக்காரர். பாதத்தில் புண் வந்து, வாரம் ஒரு முறை அருப்புக்கோட்டைக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவார். பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் அந்தப் பென்ஷன்தான். நான் போனபோது தூக்குவாளியிலிருந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

“சமைக்கலையாம்மா?”

“இன்னைக்கு எப்படிம்மா சமைக்கிறது? அண்ணனோட சம்பந்தகாரவுக சோறு குடுத்து விட்டாக.”

‘அண்ணன்’ என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. ஏன் ‘இன்னைக்கு’ என்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. தனிச் சமையல் இல்லை என்று எழுதி, குளிர்ந்த அடுப்பைப் போட்டோ எடுத்து ஏற்றினேன். ஏழு பேருக்கும் அப்படியே. பாண்டியம்மாள் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, “வெயில்ல பாத்துப் போங்கம்மா” என்று அனுப்பிவைத்தார்.

நீ திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். உன் முகம் மாறியது. எந்தக் கிழமை போனீர்கள் என்று கேட்டாய். சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய்.

“அக்கா, அன்னைக்கு அவுக பங்காளி ஒருத்தர் பாலவனத்தத்துல செத்துப் போயிட்டாரு. கிழக்குத் தெருவு பூராம் அவரு பங்காளிக. மண்ணுக்கு அனுப்புற வரைக்கும் அந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்க மாட்டாக. சம்பந்தம் பண்ணுனவுகதான் சோறு கொண்டாந்து குடுக்கணும்.”

“அதை ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?”

“ஊருக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதுன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

ஏற்றியதை இனி மாற்ற முடியாது. பார்த்ததைத்தானே எழுதினேன் என்று சப்பைக்கட்டு கட்டினேன். நீ கத்தவில்லை. “பாத்தது நெசந்தான் அக்கா. பாத்த நாளுதான் தப்பு” என்றாய்.

நாலைந்து நாளில் அடுத்த மாதம் பிறந்தது, ஏழு பேருக்கும் பணம் நின்றது. கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது என்றும், மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பாண்டியம்மாள் கட்டு மாற்றப் போவதை நிறுத்தினார். அண்ணனிடம் கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் அண்ணன் சம்சாரம் கையைப் பார்த்து நிற்க அவருக்கு மனமில்லை. புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு கரி பொறுக்கப் போனார்.

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நானே மேலே எழுத வேண்டும் என்று நீ சொன்னாய். அவர்கள் மனு கொடுக்கட்டும், அதன்மேல் நான் நல்லபடியாக எழுதுகிறேன் என்றேன். மெமோ வரும், சம்பள உயர்வு தள்ளிப்போகும், சொந்த மாவட்டத்துக்குக் கேட்டிருந்த மாறுதல் கெட்டுவிடும் என்ற பயம். பிடி கொடுக்காமல் ஒரு வாரம் ஓட்டினேன்.

எட்டாம் நாள் நீ ஒரு தாளை என் மேஜையில் வைத்தாய். தாசில்தாருக்கு நீ எழுதிய கடிதம். என் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் என்னிடம் கொடுத்தாய். ஊரில் சாவு விழுந்தால் அலுவலருக்குச் சொல்ல வேண்டியது தலையாரியின் வேலை என்றும், தான் சொல்லாமல் போனதால்தான் மேடம் தவறாக எழுத நேர்ந்தது என்றும், என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதாகவும், அந்த ஏழு பேருக்கும் உடனே பணம் விட வேண்டும் என்றும் உன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாய். நீ முறைப்படி விடுப்பில் போயிருந்தவள். செத்தவர் வேறு ஊர்க்காரர். உன்மேல் ஒரு இம்மி தப்புக் கிடையாது.

எனக்குப் பாடம் புகட்ட இப்படிச் செய்கிறாயோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. “எப்படியும் யாராச்சும் ஒருத்தரு எழுதணும்ல மேடம். பாண்டியம்மா காலு தாங்காது” என்றாய். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறில்லை. உன் கடிதத்தை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ பார்க்கப் பார்க்க என் கடிதத்தை எழுதினேன். ‘நான் விசாரிக்கவில்லை’ என்ற வரியை எழுதும்போது பேனா நின்றது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

தாசில்தார் அம்மா லேசில் நம்பவில்லை. போட்டோ இருக்கிறதே என்றார்கள். நீதான் பேசினாய்: “போட்டோவுல அடுப்பு தெரியுது மேடம், சாவு தெரியல. யாரையாச்சும் சொல்லாமக் கொள்ளாம அனுப்பிப் பாருங்க. எங்க ரெண்டு பேருக்கும்கூடச் சொல்லாதீக.” தலையாரி ஒருத்தி அவர்களிடம் அப்படிப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதிலிருந்த நியாயம் அவர்களுக்கும் பட்டது. ஒருநாள் காலையில் வருவாய் ஆய்வாளர் யாருக்கும் சொல்லாமல் வந்து கிழக்குத் தெருவைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஏழு வீட்டிலும் புகை. பாண்டியம்மாள் காலை நீட்டி வைத்துக்கொண்டு கம்பங்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். ஆய்வாளருக்கும் ஒரு சொம்பு கூழ் கொடுத்திருக்கிறார்.

பணம் திரும்ப வர நான்கு மாதம் ஆனது. விட்டுப்போன மாதங்களுக்கு வரவே இல்லை. அதற்குள் பாண்டியம்மாளின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் முன்னால் கூட்டி வந்திருந்தால் ஒரு விரலாவது தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் காட்ட வந்த அவர் அண்ணன்தான் சொன்னார். அந்த ஒரு வாரம் யாருடையது என்று உனக்கும் எனக்கும் தெரியும். சாகும்வரை நீ அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

எனக்கு மெமோ வந்தது. “மெமோ வாங்காத வி.ஏ.ஓ.வுக்கு ஊர்ல என்ன மதிப்பு மேடம்?” என்று சிரிக்க வைத்தாய். பென்ஷன் வந்த மாதம் பாண்டியம்மாள் எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்துவிட்டார். நான்தான் போராடி வாங்கிக் கொடுத்தேன் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணினேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன். சாப்பிடவும் செய்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதே ஊரில் இருந்தேன், அதே தெருவில் நடந்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று போவேன், “காலு எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

எனக்கு நரிக்குடிப் பக்கம் மாறுதலான பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்தே நாளில் முடிந்துவிட்டது.

உன் பதினாறாம் நாளுக்கு வந்தவள், உன் வீட்டிலிருந்து நேரே பாண்டியம்மாளிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் பணத்தை நிறுத்தியது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான். அதைத் திருத்தாமல் ஒரு வாரம் பயந்து உட்கார்ந்திருந்ததும் நான்தான் என்றேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“தெரியும்மா” என்றார். “பணம் நின்ன அன்னைக்கே அவ வந்து சொல்லிட்டா. ‘அந்த அக்கா தெரியாமப் பண்ணிட்டாக. அவுகளே ஒருநாளு வந்து உன்கிட்டச் சொல்லுவாக. அதுவரைக்கும் நீ வாயத் தொறந்து கேட்றாதே, நம்ம ஊருக்கு வந்த பிள்ளை மனசு ஒடஞ்சு போகும்’னா. இத்தனை நாளும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

முருங்கைக்காய் கொடுத்தபோதும் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

நான் சொல்வேன் என்று, நான் சொல்வதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்னதாகவே நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். அந்த வாக்கு நிறைவேறியதைப் பார்க்க நீ இல்லை. இப்போது எந்த வாசலில் ‘இல்லை’ என்று எழுதினாலும், எழுதியது நான்தான், இன்ன காரணத்துக்காக எழுதினேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வெளியேறுகிறேன். திட்டுகிறார்கள், அழுகிறார்கள், சில நேரம் நான் அறியாத ஒன்றைச் சொல்லி என்னைத் திருத்துகிறார்கள். இன்று நரிக்குடிப் பக்கம் மூன்று பேரிடம் அப்படிச் சொன்னேன். அதில் ஒன்றை அங்கேயே அடித்துவிட்டு, ‘உண்டு’ என்று எழுதினேன்.