எழுபத்தைந்து ஓம்

மார்கழி (டிசம்பர்) 17, புதன்
வாடைக் காற்று. கடலுக்குப் போகவில்லை. மன்னார் பஸாருக்கு, டிவி வயர் வாங்க.

24ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு, மகள் ஜசிந்தா இருக்கிற கன்னியர் மடத்துப் பிள்ளைகள் கொழும்பு டிவியில் பாலன் பிறப்புப் பாட்டுப் படிக்கிறார்களாம். கடிதம் வந்தது. அம்மாவுக்கு என்று எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு வரியும் இல்லை. அவள் கன்னியாஸ்திரியாகப் போய்ப் பதினொரு மாதம். மனுசி கடிதத்தைச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

பெட்டியும் அன்டெனாவும் மச்சான் தந்த பழசு. இரண்டுக்கும் இடையில் வயர்தான் இல்லை.

கடைக்காரர், "தட்டையோ உருண்டையோ?" என்றார். விழித்தேன். "தட்டை முந்நூறு ஓம். உருண்டை எழுபத்தஞ்சு ஓம்."
"ஓம்," என்று தலையாட்டினேன்.
"எது ஓம்?"
ஓம் என்பது வயருக்கும் ஒரு அளவாம். எட்டாம் வகுப்பு வரை இது வரவில்லை. வந்த அன்று நான் கடலில் நின்றிருப்பேன்.
"உப்புக் காத்துக்கு உருண்டைதான் ஐயா. நடுவிலை செப்புக் கம்பி, சுத்திவரச் செப்பு வலை."
வலை என்றதும் விழுந்துவிட்டேன். நமக்குத் தெரிந்த சாமான். எத்தனை யார் நீளம் என்று கேட்டார். ஒன்பது பாகம் என்று இரண்டு கையையும் விரித்து அளந்து காட்டினேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

18, வியாழன்
காற்று. அன்டெனாவைக் கிணற்றடித் தென்னையில் கட்டியாயிற்று. வயர் நீளம் காணாது. வீட்டிலிருந்து தென்னை வரைக்கும் நிலத்தில் அளந்திருக்கிறேன். தென்னைக்கு உயரம் உண்டு என்பதை யோசிக்கவில்லை.

மனுசி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "மரம் படுத்துக் கிடக்குதெண்டு நினைச்சிட்டார்" என்றாள்.

19, வெள்ளி
பக்கத்து வீட்டு அந்தோனியிடம் ஒரு பழைய உருண்டைத் துண்டு கிடந்தது. வாங்கிப் பிணைத்தேன். கயிறு பிணைக்கிற மாதிரியே: கம்பியையும் வலையையும் புரி புரியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று மாற்றி முறுக்கி, மேலே தார். இழுத்துப் பார்த்தேன். வள்ளம் நிற்கும்.

பெட்டியைப் போட்டோம்.
"மழை பெய்யுது," என்றாள் மனுசி.
"எங்கை?"
"பெட்டிக்குள்ளை."

அந்தோனி வேலிக்கு மேலால்: "அண்ணை, ஊரிலை எல்லா அன்டெனாவும் இந்தியாவைப் பாக்குது. உங்கடை மட்டும் கோவிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் நிக்குது." அவன் பெட்டியில் இந்தியப் படம் துப்பரவாகத் தெரியும். அதில் என் மகள் இல்லை.

21, ஞாயிறு
பூசை. கோயில் வாசலில் பங்குச் சுவாமியார், "மகள் என்னவாம்?" என்றார். வயரைப் பற்றிக் கால் மணித்தியாலம் சொன்னேன்.

தை மாதம் அவள் வந்து பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. "அப்பா, ஓம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. போறன்." நான் குனிந்து வலையில் கிழிசல் தேடிக்கொண்டிருந்தேன். புது வலை.

சொல்லாமலே விட்டேன். போய்விட்டாள்.

22, திங்கள்
பக்கத்துத் தாராபுரத்தில் ரேடியோ திருத்துகிற ஹனீபா நானா வந்தார். என் பிணைச்சலைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.
"ஆர் கட்டினது?"
"நான்தான்."
"நல்ல கட்டு. வள்ளம் கட்டலாம். படம் வராது." நடுக் கம்பியும் சுற்று வலையும் ஒன்றோடொன்று முட்டக் கூடாதாம். முட்டினால் வருகிற படம் அங்கேயே செத்துப்போகுமாம். நான் முட்ட வைத்தது மட்டுமில்லை, கலியாணமே கட்டி வைத்திருக்கிறேன்.

அந்தோனியின் துண்டு உள்ளே பச்சை பிடித்து உப்பிப்போய். வெட்டி எறிந்தார். மிச்சத்துக்கு அன்டெனா கூரை வரைதான் வரும்.
"பதிவு, உயரம் காணாது. காத்துக்குத் திரும்பும். ஆராவது பிடிச்சால் வரும்."
தேத்தண்ணி குடித்தார். கூலி வேண்டாம் என்றார். சிரித்ததே போதுமாம்.

23, செவ்வாய்
பஸார். உருண்டை வயர் முடிந்துவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான் வருமாம்.
வாங்கியவை: கோதுமை மா, சீனி, மெழுகுதிரி, மனுசியின் முழங்கால் எண்ணெய்.

24, புதன்
நாலரைக்கே கூரையில். கீழே மனுசி பெட்டிக்கு முன்னால், சன்னல் திறந்தபடி.
"இப்ப?"
"இல்லை."
"இப்ப?"
"இல்லை... ஓம்! ஓம்! அசையாதேங்கோ!"

கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கையை எடுத்ததும் போய்விட்டது. என் கை இருந்தால்தான் வருகிறது. முப்பது வருசம் கடலில் கட்டின எதுவும் அவிழ்ந்ததில்லை.

பாட்டுக் கேட்டது.
"தெரியிறாளோ?"
"ரெண்டாவது வரிசை. கண்ணாடி போட்டிருக்கிறாள்."
கண்ணாடியா? எப்போதிருந்து?
"மெலிஞ்சிட்டாளோ?"
கூரையில் காலால் தட்டினேன்.
"இஞ்சை, மெலிஞ்சிட்டாளோ எண்டு கேக்கிறன்!"
"சத்தம் போடாதேங்கோ, அவள் படிக்கிறாள்!"

நீ வந்து கொஞ்சம் பிடி என்று வாய் வரை வந்தது. அந்த முழங்காலோடு ஏணியில் எப்படி ஏறுவாள். பிடித்தபடி நின்றேன். கை விறைத்தது. எந்தக் குரல் அவளுடையது என்று தெரியவில்லை. இருபது பேர் சேர்ந்து படித்தால் எல்லோரும் என் பிள்ளைதான்.

பாட்டு முடிந்தது. கையை விட்டு ஓடி இறங்கினேன். பெட்டியில் சவர்க்கார விளம்பரம். பிடிக்க ஆளில்லாமல், கண்ணாடி மாதிரி. நுரை ஒவ்வொன்றும் தெரிந்தது.

மனுசி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"சந்தோசமா இருக்கிறாளோ?"
"ஓம்."

25, வியாழன்
நத்தார். மழை. அன்டெனா இந்தியாப் பக்கம் திரும்பிவிட்டது. ஏறவில்லை.

மத்தியானம் தாளும் பேனையும் எடுத்தேன். "அன்பு மகள் ஜசிந்தாவுக்கு" என்று எழுதினேன். அதற்குக் கீழே "ஓம்". அதற்குமேல் வரவில்லை.

மனுசி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.
"என்னப்பா, எத்தனை ஓம்? இன்னும் வயர் வாங்கப் போறியளோ?"