முதலில் சொன்னவள்

பிப்ரவரி 3, செவ்வாய்

சீனப் புத்தாண்டுக்கு இரண்டே வாரம். நர்சரியில் ஆரஞ்சுச் செடிகளை லாரியில் ஏற்றி ஏற்றி இடுப்பு விட்டுப்போயிற்று. கிராஞ்சியில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன்.

வீட்டில் சாப்பிடும்போது நஸீஹா போனை நீட்டினாள். "ம்மா, நீங்க வளர்ந்த பிள்ளைகள் இல்லம் இதுதானே?"

திரையில் தமயந்தி, இல்லத்தில் என்னோடு இருந்தவள். முப்பத்தேழு வருஷம் கழித்தும் பார்த்தவுடன் தெரிந்தது. இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த சேதுபதி சார் ரப்பர் குழாயால் பிள்ளைகளை அடித்ததையும், ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியதையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தைரியம்லா இவங்களுக்கு!" நஸீஹாவின் கண்ணில் தண்ணீர்.

என் மகள் எனக்காக ஒருநாளும் அப்படி அழுததில்லை. எப்படி அழுவாள், நான் எதையும் சொன்னதே இல்லையே.

பிப்ரவரி 4

தைரியமாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுதினாலாவது ஆறுமா பார்க்கிறேன்.

எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது. பக்கத்துக் கட்டில். அடிவாங்கிய என் முதுகுக்கு எண்ணெய் தடவியவள் அவள்தான். மாதம் ஒருமுறை இல்லத்தைப் பார்வையிட ஒரு அதிகாரி வருவார், மிஸ் என்று கூப்பிடுவோம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இல்லத்திலேயே முதலில் வாய் திறந்தவள் நான். வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார். தமயந்தி பெயரைச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து வந்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அங்கேதான் நின்றேன். சேதுபதி சாரும் நின்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். ருக்கையா சும்மா கதை விடுவா."

அன்று மாலையே ஸ்டோர் ரூம். இரண்டு நாள். பிறகு என்னை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள். 'பொய் பேசும் பழக்கம் உண்டு' என்று என் கோப்பில் எழுதிவிட்டார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள்.

இன்று அவள் சொல்கிறாள், ஊரே நம்புகிறது. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் வாடை, கதவுக்கடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் – எல்லாவற்றையும் சொல்கிறாள். அது நான் கிடந்த ரூம்டி! அதையும் எடுத்துக்கிட்டியா?

இதற்கெல்லாமா ஒருத்தி பொறாமைப்படுவாள்? படுகிறேனே.

பிப்ரவரி 12, வியாழன்

நஸீஹா அவளுக்குச் செய்தி அனுப்பினாளாம், பதில் வந்ததாம். மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

என் கணவர் கையூமும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். "பாவம் அந்தப் பொண்ணு. உன்னையும் அடிச்சாங்களா?"

"ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடாக்கப் போனேன். குழம்பு சூடாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. மதியம் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போது போன். போலீஸ் அதிகாரி, பெயர் ஷங்கர். நல்ல தமிழ். "மேடம், தமயந்தி உங்க பேரைச் சொல்லியிருக்காங்க. அந்த இல்லத்துல உங்களுக்கு ஏதாவது நடந்ததா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

வார்த்தை மாறாமல் அவள் அன்று சொன்னதேதான். வாயைவிட்டுப் போனபிறகுதான் எனக்கே உறைத்தது.

நோன்பு வைத்துக்கொண்டு பொய்.

பிப்ரவரி 27, வெள்ளி

சேதுபதி சாரின் குடும்பம் அறிக்கை விட்டிருக்கிறது. எழுபத்தொன்பது வயதுப் பெரியவரை அவமானப்படுத்துகிறார்களாம். அவர் பொறுப்பில் இருந்த வேறு யாரும் இப்படி ஒரு புகார் சொன்னதில்லையாம்.

வேறு யாரும்.

கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். விளம்பரத்துக்கு அலைகிறவள், பணம் பிடுங்கப் பார்க்கிறவள். பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தேன். முதல் பத்து இனிப்பாகத்தான் இருந்தது. மறைக்கமாட்டேன். பிறகு ஒருவன் எழுதியிருந்தான்: 'இவ சின்ன வயசுலேருந்தே பொய்க்காரியாம்.'

போனைப் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு இறங்கும் மார்சிலிங் வருமுன்பே இறங்கி நடந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஃபேரர் பார்க் போனேன். அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள் என்று நஸீஹா சொல்லியிருந்தாள். பெருநாள் துணி எடுக்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். எதிர்ப்பக்கம் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். கூட்டம் இருக்கும், பூச்செண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரும் இல்லை. பகல் நேரத்தில் மெஷின் உறை போட்டு மூடியிருந்தது.

உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தாள். "ருக்கு?"

அப்படி என்னைக் கூப்பிட வேறு ஆளே கிடையாது.

"போலீஸ்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டியாமே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"நீ மட்டும் அன்னைக்கு என்ன சொன்னே?"

ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "அந்த மிஸ் திரும்பி வர்றதுக்கு முன்னால நாலு நாள் நான் எங்க இருந்தேன்னு நெனச்சே?"

"உனக்கு அம்மைன்னு சொன்னாங்க."

"அம்மை இல்லடி. ஸ்டோர் ரூம். மிஸ்கிட்ட இல்லன்னு சொன்னா வெளிய விடுறேன்னாரு." கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். "அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்லல. உன்னை மாட்டிவிட்டுட்டுப் போய் சோறு தின்னேன்."

"வீடியோவுல அதைச் சொல்லலையே?"

"சொன்னா உன் பேர் வரும்ல? உன்னைக் கேக்காம எப்படிச் சொல்றது? போலீஸ்ல மட்டும் சொன்னேன். முதல்ல உண்மையைச் சொன்னது ருக்கையா, பொய் சொன்னது நான்னு."

வீடியோ வந்தபிறகு ஆறு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். இதைப் பார்த்தா ஒரு மாதமாக வெந்துகொண்டிருந்தேன்?

ஆனாலும் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் நினைத்தேன்: வீட்டில் இதையெல்லாம் சொன்னால், தமயந்தியைப் பார்த்துத்தான் அம்மாவுக்கும் தைரியம் வந்தது என்பாள் நஸீஹா. அது இன்னும் குத்துகிறது.

மார்ச் 2

நோன்பு திறந்தபிறகு இருவரிடமும் சொன்னேன். கையூம் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். நஸீஹா என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

மார்ச் 5, வியாழன்

வாக்குமூலம். ஐந்து மணி நேரம். கையூம் வெளியே உட்கார்ந்திருந்தார்.

"முன்னால போன்ல கேட்டப்போ ஏன் இல்லன்னு சொன்னீங்க?" என்றார் ஷங்கர்.

"பொறாமை சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல் நின்றது. "அப்படியே போடவா மேடம்?"

"போடுங்க."

ஜூலை 15, புதன்

சேதுபதி சார் மீது இன்று நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார்கள். தடி ஊன்றி வந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. செய்தியில் எங்கள் பெயர் வராது. 'இரு பெண்கள்' என்று மட்டும் வரும் என்றார் ஷங்கர். வழக்கு முடிய ஒரு வருஷம் ஆகலாமாம்.

தமயந்தியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள், தலையில் ஒரு நரை இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து, வழக்கறிஞர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் கேட்டே விட்டேன். "டையா?"

"பின்னே?" என்றாள். "சனிக்கிழமை கடைக்கு வா, உனக்கும் போட்டுவிடுறேன்."

நஸீஹாவும் வருகிறாளாம்.