வாசலைப் பார்த்தபடி

அன்புள்ள அம்மாவுக்கு, திருப்பூரிலிருந்து வேல்விழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் இருமல் குறைந்ததா?

தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து போன வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள். பயப்படாதே.

"இடுப்பு ஒரு பக்கமாவே திரும்பியிருக்கே, எப்படிம்மா உக்கார்றே?" என்று டாக்டரம்மா கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் உன்கூட வேலை பார்த்தபோது "வெடிச்சா ஓடணும்ல, வாசலப் பார்த்து உக்காருடி" என்பாயே, அந்தப் பழக்கம்தான். வெடித்த அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செல்வலட்சுமி சித்தி வெளியே வரவில்லை. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது?

தலையும் முதுகும் சுவரில் ஒட்ட நின்று, தோள்களை மெதுவாகப் பின்னால் இழுத்துவிடச் சொன்னார். அதில் வலி கொஞ்சம் குறைகிறது. நீயும் வேலை முடிந்து வந்ததும் வீட்டில் செய்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தைலம் கொடுத்துவிடு. தேய்த்துவிடத்தான் இங்கே ஆளில்லை.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. நேராக நிற்பதெல்லாம் வீட்டோடு இருக்கட்டும் அம்மா. கம்பெனியில் நீ கோணலாகவே உட்கார்.

உன் மகள்,
வேல்விழி