ஒரே ஒரு தலையாட்டல்

செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். அந்தப் பெயரை இங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். வந்த நாளிலிருந்து ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடத்தில் எனக்குத்தான் முதல் மார்க் என்று பீற்றிக்கொண்டேனே, அதெல்லாம் பரீட்சைத் தாளோடு சரி. இவர்கள் பேசினால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வருகிறது. ஒரு வார்த்தை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. 'ர' சொல்வதற்குத் தொண்டையில் கொப்பளிக்க வேண்டுமாம். பல் தேய்க்கும்போது பழகுகிறேன்.

மாணவர் பரிமாற்றம் என்று இந்த வீட்டுக்காரர்களின் பெண் அங்கே நம் வீட்டில் என் கட்டிலில் படுத்திருப்பாள். நான் இங்கே அவள் கட்டிலில் படுத்திருக்கிறேன். அவள் வளர வளர உயரத்தைக் கதவில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்கள். வீட்டம்மா நூலகத்தில் வேலை செய்கிறார். வீட்டய்யாவுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்தும் வேலை. இருவரும் தங்கமானவர்கள். நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை கையில் எடுத்த கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

முதல் வகுப்பில் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து, "என் அம்மா மருத்துவமனையில் வேலை செய்கிறார்" என்று தப்பில்லாமல் சொல்லிவிட்டேன் அம்மா! ஆசிரியை சந்தோஷமாகத் திரும்ப ஏதோ கேட்டார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன் பேசக் கூடாது என்ற பரிமாற்றத் திட்ட விதியை நினைத்தால் அழுகை வருகிறது. பேசினால் தாய்மொழியையே பிடித்துத் தொங்குவோமாம். கடைசி நாள் விழாவில் மட்டும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு, அப்பாவோ அம்மாவோ பிரெஞ்சில் தன்னைப் பற்றி இரண்டு வரி சொல்வதை அரங்கம் முழுக்கக் கேட்கவைப்பார்களாம். ஜனவரி முப்பது. அதுவரை கடிதம்தான்.

உன்,
வாய் கட்டிப்போன வாயாடி

—

அக்டோபர் 2

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தொண்டையில் கொப்பளிக்கும் இடம் வந்ததும் எல்லோரும் கொப்பளித்துப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, எல்லாருக்கும் சளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இங்கே வந்திருக்கும் பெண்ணுக்குப் பூனைக்கண்ணி என்று பேர் வைத்துவிட்டேன். அவளும் கூப்பிட்டால் திரும்புகிறாள். உனக்கு நேர்மாறு. கூச்சம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பாள். எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி, "இது பேரு என்ன?" என்கிறாள். நேற்று மேல்வீட்டுப் பெரியவரைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா? உள்ள வாடா" என்றுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னவென்று சொன்னதும் அவளும் சேர்ந்து சிரித்தாள். நீயும் தப்பாகவாவது பேசடி. தப்பாகப் பேசினால் தலையா போய்விடும்?

என் வேலையைப் பற்றிச் சொன்னாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி என்பதோடு நிறுத்திவிட்டாயா, சலவைக்கூடம் என்றும் சொன்னாயா? சலவைக்காரிக்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை? எழுதி அனுப்பு. போனில் நான் அதைத்தான் சொல்லப் போகிறேன். எத்தனை மாதம் கழித்து உன் குரலைக் கேட்கப் போகிறேன்!

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

—

அக்டோபர் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

இப்போது கொஞ்சம் புரிகிறது. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நேற்று கடையில் ரொட்டி ஒன்று கேட்கப் போய் இரண்டோடு வந்தேன். திருப்பிக் கொடுக்கவும் வார்த்தை வேண்டுமே!

ஒரு சின்ன சந்தேகம். கனமானதைத் தூக்கித் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? வீட்டய்யாவுக்கு வலது கை மேலே போக மாட்டேன் என்கிறது. "உன் அம்மாவைக் கேட்டு எழுதேன்" என்றார். சும்மாதான் கேட்டார். நீ ஏதாவது விவரமாக எழுதினால் நல்லது.

நீ கேட்ட வார்த்தை இன்னும் பாடத்தில் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மழையும் குளிருமாக இருக்கிறது. உன் கம்பளி உடுப்பைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

உன் மகள்

—

நவம்பர் 9

என் கண்ணுக்கு,

தோள்வலிக்கு என்னிடமா வைத்தியம் கேட்டார்! நல்ல ஆளைப் பிடித்தார், போ. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் ஈரத் துப்பட்டிகளைத் தூக்கித் தூக்கி எங்கள் எல்லோருக்கும் போகாத தோளா? இஸ்திரி மேடையில் துண்டைச் சூடாக்கி, தாங்குகிற சூட்டில் தோளில் போட்டுக்கொள்ளச் சொல். போட்டபடியே சுவரில் விரலை வைத்து, எறும்பு ஏறுவது போல மெதுவாக மேலே ஏற்றச் சொல். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வீறாப்புக் காட்டக் கூடாது. எங்கள் வேலைத்தலத்தில் அதுதான் மருந்து.

ஒரு நல்ல சேதி. பூனைக்கண்ணி நச்சரித்து நச்சரித்து என்னோடு வேலைக்கே வந்துவிட்டாள். பெரிய இயந்திரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்று துப்பட்டி மடித்தாள். மூலைக்கு மூலை சேராமல் கோணலாகத்தான் வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டு நின்றபோது ஒருத்தி படம் எடுத்தாள். அதை அவள் தன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பார்த்திருப்பாய். எப்படி இருக்கிறேன்?

அந்த வார்த்தை பாடத்தில் வந்ததா?

அம்மா

—

நவம்பர் 28

அம்மா,

யாரைக் கேட்டு அந்தப் படத்தை அனுப்பவிட்டாய்? தலையில் அந்தத் தொப்பி, நனைந்த மேலங்கி, வேர்த்து வழிகிற முகம், பின்னால் அழுக்குத் துணி மூட்டை. உன்னிடம் வேறு நல்ல படமே இல்லையா? நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வீட்டம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வேலை செய்யும் இடத்துக்கு விருந்தாளியைக் கூட்டிப்போவார்களா யாராவது?

இன்னொன்று. விழா அன்று போனில் பேச வேண்டாம். வேலை இருக்கிறது, வர முடியவில்லை என்று சொல்லிவிடு. உனக்குப் பிரெஞ்சு வராது. தப்பும் தவறுமாக ஏதாவது சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.

மகள்

—

டிசம்பர் 16

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. படம் உனக்குப் பிடிக்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் எடுக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். எனக்குத் தலைவலி என்றேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். கடைக்குப் போய் எடுத்தது. கைக்கடிகாரம் நர்சம்மா இரவல் கொடுத்தது. சிரிக்கச் சொன்னார்கள், வரவில்லை. இதை அந்தக் கதவில் ஒட்டச் சொல்.

போனுக்கு வரவில்லை. அந்த வார்த்தையையும் எழுத வேண்டாம்.

குளிரில் காதை மூடிக்கொள்.

அம்மா

—

ஜனவரி 24

அம்மா, அம்மா, அம்மா,

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. விதியை மீறிப் போன் போட்டுக் கொடுக்கிறேன் என்றார் வீட்டம்மா. உன் குரலைக் கேட்டால் அழுதுகொண்டே போனை வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இது முப்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதல் வகுப்பில் ஆசிரியை திரும்ப ஏதோ கேட்டார் என்று எழுதினேனே, அவர் கேட்டது, "டாக்டரா?" என்று. எனக்கு நன்றாகப் புரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தையும் தெரியும். எனக்கு முன்னால் எழுந்தவளுடைய அம்மா வக்கீல், அதற்கு முன்னால் பேசியவனுடைய அப்பா பேராசிரியர். தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தலையாட்டல்தான். அப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க நீ டாக்டர். இந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் வீட்டய்யா தோள்வலிக்கு உன்னைக் கேட்டார். நீ எழுதிய வைத்தியத்தை டாக்டர் சொன்னது போலச் சொன்னேன். இஸ்திரி மேடையை மட்டும் விட்டுவிட்டேன்.

படம் வந்து பத்து நாள் கழித்து வீட்டய்யா கையை மேலே தூக்கிக் காட்டி, "உன் அம்மாவுக்கு நன்றி சொல்லு, இப்ப நல்லா தூக்க முடியுது" என்றார். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் சொன்னார். அவர் இரண்டு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சலவைக்காரிக்கான வார்த்தையை முதல் வாரமே அகராதியில் பார்த்துவிட்டேன். பாடத்தில் வரவில்லை என்று எழுதியது பொய்.

நீ கடைக்குப் போய் எடுத்த படம் வந்தது. இரவல் கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையை மடித்து வைத்திருக்கிறாய். அம்மா, என்னைச் செருப்பால் அடி. அந்தப் படத்தை ஒட்டவில்லை, என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். சிரிக்கிற படம்தான் கதவில் இருக்கிறது.

இன்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "என் அம்மா டாக்டர் இல்லை. மருத்துவமனையில் துணி துவைக்கிறார். நான் பொய் சொன்னேன்." யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

முப்பதாம் தேதி நீ பேச வேண்டும். நீ என்ன வேலை செய்கிறாய் என்பதை உன் வாயால் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் காத்திருக்கிறார்கள். வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி, தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

வந்துவிடு அம்மா.

உன் வாயாடி

—

ஜனவரி 30, சாயங்காலம்

என் வாயாடிக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தபால்காரர் தலையைக் கண்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். இனிமேல் கோபம் வேண்டாம். இன்று போனில் நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா?

போன வாரம் பூனைக்கண்ணிக்கு அவள் அம்மா எழுதிய கடிதத்தில் விஷயம் தெரிந்தது. அவள் என்னிடம் சொல்லாமல் மென்று விழுங்கினாள். நான்தான் பிடுங்கி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் டாக்டராமே! கோபம் வந்தது. பொய் எதற்கு? அழவும் செய்தேன், மறைப்பானேன். எனக்கென்ன குறை, நான் யாரிடம் திருடினேன் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம் யோசித்தேன். தெரியாத ஊர், வாய் பேச வராத இடம். பிள்ளை மாட்டிக்கொண்டு முழிக்கிறது. பெற்றவள் கைகொடுக்காமல் யார் கொடுப்பார்கள்? அந்த வீட்டாருக்கு உண்மை தெரியும், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள் என்றாள் பூனைக்கண்ணி. மிச்சம் பள்ளிக்கூடம்தானே?

"நான் இவளுடைய அம்மா. நான் டாக்டர்" என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடு என்றேன். "மாட்டேன்மா, அது பொய்மா" என்று அழுதாள். நானும் விடவில்லை. துவைக்கும்போது, மடிக்கும்போது எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி நாக்கு வெந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன 'ர' கடைசியில் வந்துவிட்டது.

போன் வந்தபோது வேலையில் இருந்தேன். மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். தெளிவாகத்தானே சொன்னேன்? சொல்லி முடித்ததும் அங்கே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். அப்புறம் எவ்வளவு கைத்தட்டல்! நம்பிவிட்டார்கள் இல்லையா? நீ "அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாய், அதற்கு மேல் பேசவில்லை. சந்தோஷத்தில் வாய் அடைத்துப்போயிற்று என்று எனக்குத் தெரியும்.

இங்கே நம் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். அவர்களுக்கு என்ன புரியும்? "நம்ம வேலையப் பத்தித்தானே சொன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இனி நிம்மதியாகத் தூங்கு. துப்பட்டி மடிக்கிற அந்தப் பழைய படம் இன்னும் கதவில் இருந்தால், அதை மட்டும் எடுத்துவிடச் சொல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்தால் பார்த்துவிடப் போகிறார்கள்.

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும்,
உன் டாக்டரம்மா