உன் குரல் இருக்கும் கம்ப்யூட்டர்

இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அதன் பின்பக்கத்திலிருந்து சூடான தூசியின் வாசனை வந்தது. நீ பாடம் பதிவு செய்யும்போது அந்த அறையில் எப்போதும் இந்த வாசனைதான் இருக்கும். சத்தம் விழக்கூடாது என்று ஃபேனை நிறுத்துவாய், ஜன்னலைச் சாத்துவாய். கழுத்தில் வியர்வை ஓட ஓட, பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை மைக்கில் வாசித்துக்கொண்டிருப்பாய். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் நம் வேங்கிக்கால் முழுக்க பஸ் ஹாரனாக இருக்கும். அன்றைக்கு மட்டும்தான் உனக்கு லீவு.

நீ போன பிறகு நான் அந்த அறைக்குள் அதிகம் போகவில்லை. சுமதி போன் செய்ததால்தான் போக வேண்டி வந்தது. அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கடலை பயிர் போடும் வீட்டுப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லாமல், ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறவள். நீ அவளுக்கு அக்கா என்பதால் நான் மாமா.

"மாமா, கேக்கறதுக்கே கஷ்டமா இருக்குது. சரித்திரப் புக்குல பாதிதான் எங்கிட்ட வந்துச்சு. அக்கா மீதியும் கொஞ்சம் படிச்சி வெச்சிருக்கேன்னு சொல்லினு இருந்தாங்க. அது இருக்குதா பாக்கறீங்களா? பரீட்சை வந்துடுச்சு."

இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அசையவே இல்லை. ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொன்னால் நான் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பக்கத்துச் சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது. உன் பதிவுகளைப் பென்டிரைவில் போடப் பார்த்தேன். பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. உன் போட்டோ எத்தனையோ இருக்கிறது. உன் குரல் முழுசாக இருப்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான்.

ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார்.

"மெமரி பிரச்சன சார். வுட்டுட்டுப் போங்க, மாத்திக் குடுத்துடறேன்."

"மாத்துனா உள்ள இருக்கறது?"

"ஒண்ணும் ஆவாது. எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்துக்கினு வந்துடுங்களேன்."

அந்த 'எதுக்கும்' என்ற வார்த்தை போதும் எனக்கு. மெமரியை மாற்றுவதென்றால் உன் குரலையே கழற்றிப் போடுவதாக என் மனசுக்குப் பட்டது. மறுபடி மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரிடம் "மெதுவா, மெதுவா" என்றேன். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பை அத்தனை வருஷம் ஓட்டியவன் நான்.

வீட்டில் அதை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் சொன்ன அதே மெமரியை, ரேமை, நீ வாங்கி வந்த அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டாய். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஜீப் பானட்டுல தலைய வுடறதுக்கு பயம் இல்ல, இதுக்குப் போய் நடுங்கறீங்களா?" என்று சிரித்தாய். பிறகு, சீப்பு மாதிரி இருந்த பச்சைத் தகட்டைக் காட்டி, "இது நம்ம அடுப்பு மேடை மாதிரிங்க. வேலை நடக்கறப்ப மட்டும் சாமான வெக்கற எடம். எடம் கம்மியா இருந்தா ஒண்ண எடுத்துக் கீழ வெச்சி இன்னொண்ண மேல வெக்கணும், அதான் லேட்டாவுது. கரண்ட் போனா மேடை காலி. ஆனா அலமாரில இருக்கற அரிசி, பருப்பு எங்கயும் போவாது. நான் படிச்சதெல்லாம் ஹார்டு டிஸ்க்ல, அலமாரில இருக்குது," என்றாய்.

அன்று நான் பாதிதான் கேட்டேன். இப்போது அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நீ காட்டியபடி மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கி, மெமரி என்று இருந்த பக்கத்துக்குப் போனேன். இருப்பது நாலு ஜிபி என்று காட்டியது. முன்பு நாலு ஜிபி ஒன்று இருந்தது. நீ இன்னொரு நாலு போட்டாய். எட்டு இருக்க வேண்டும். கீழே பார்த்தால், இரண்டு இடங்களில் ஒன்றுதான் வேலை செய்வதாக எழுதியிருந்தது. ஒரு தகடு உள்ளே இருந்தும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. மேடையில் பாதி போய்விட்டிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைக் கழற்றி, உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்று இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, நீ செய்தது போலவே இரண்டு தகட்டையும் கழற்றி, பொன்னிற ஓரங்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். பட்டனை அமுக்கினால் திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளிருந்து பீப், பீப் என்று கத்தியது. தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்க, அதுவும் இதற்குள்ளிருந்துதான் வருகிறதென்று எழுந்து நின்றுவிட்டேன்.

அலமாரியில் இருக்கிறது, அலமாரியில் இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். பயத்தில் நான் அழுத்தி வைக்கவே இல்லை. ஒரு தகடு சாய்ந்து நின்றது. இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பட்டனைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது திரை வெளிச்சமாக இருந்தது. இரண்டு இடமும் வேலை செய்தன. எட்டு ஜிபி. உன் பாடத்தைத் தட்டியதும் உடனே ஓடியது. முதலில் ஒரு செருமல், பிறகு நீ. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்தேன்; பயம் தீராமல் இன்னொன்றிலும் எடுத்தேன். நீ விட்டுப்போன இடத்துக்கு அப்புறம் நாலைந்து பாடம் மீதி இருந்தது. அதை நானே படிக்க ஆரம்பித்தேன். ஃபேனை நிறுத்தினால் எப்படி வேகும் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் பதிவுகளோடு அனுப்பிய என் முதல் பாடத்தைக் கேட்டுவிட்டுச் சுமதி கூப்பிட்டாள். "நல்லா இருக்குது மாமா. ஜாஸ்தி வேகமாப் போவாதீங்க. பேர் வந்தா அக்கா ரெண்டு தடவ சொல்லுவாங்க. எங்களால திரும்பிப் பாக்க முடியாதில்ல?"

அன்றிலிருந்து எல்லா ராஜாக்களையும் இரண்டு முறை கூப்பிடுகிறேன். அவள் பரீட்சை எழுதிவிட்டாள், முடிவு இன்னும் வரவில்லை. இப்போது வேறு பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்று அடுத்த புத்தகத்தை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன்.

நேற்று ரேஷன் கடையில் பெயர் கேட்டார்கள். இரண்டு முறை சொன்னேன்.