சொன்னேன், மறந்தேன்

நேற்று மூன்றாம் ஆண்டு வகுப்பில், "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற தாய் கேட்டாலும் சொல்லாதீர்கள்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் உன் போன் அதிர்ந்தது. என் போன் மேசைமேல் கிடந்தது. அதிர்ந்தது உன்னுடையதுதான். பாதிப் பேச்சில் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

சிலிண்டர் வந்திருந்தது. எனக்கு அல்ல. உடையார்பாளையம் பக்கம் ஏதோ ஒரு வீட்டு வாசலில் சிலிண்டரை இறக்கிவிட்டு ஒருவன் நிற்கிறான். அவனுக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் உன் போனுக்கு வந்திருக்கிறது. உடனே அழைப்பும் வந்தது. ஒரு பெண் குரல், அவசரமாக. எண்ணைச் சொன்னேன். வகுப்புக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்: "யாரிடமும்."

நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீ நெட் சென்டர் திறந்தபோது நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். 'துணைக்கோள்' என்ற பெயர் நான் வைத்தது. சேர்ந்து கடை போடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், உட்கார்ந்து யோசித்து நான் வைத்த பெயர். நான் ஊரை விட்டுப் போனதும் நீ தனியாகக் கடையைத் திறந்தாய், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டாய். அது யார் வைத்த பெயர் என்று ஒருவரிடமாவது நீ சொன்னதுண்டா? பலகையில் 'கோள்' என்று பார்த்துவிட்டு ஜாதகக் கட்டோடு வந்தவர்கள் உண்டு. அவர்களையும் நீ திருப்பி அனுப்பவில்லை. ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இறக்கி ஜாதகம் போட்டுக் கொடுத்தாய். வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் பூசை கண்டவன், திங்கட்கிழமை செவ்வாய் தோஷம் பார்த்தாய். பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று சண்டை போட்டேன். "பேரு வெச்சவன் சென்னைல இருக்கான். கடைல நான்தான இருக்கேன்" என்றாய்.

பிறகு எதற்கெடுத்தாலும் செல்போன் எண் கேட்கும் காலம் வந்தது. ரேஷன் கார்டுக்கு, காஸ் சிலிண்டருக்கு, பட்டாவுக்கு, முதியோர் பணத்துக்கு. போனே இல்லாதவர்களும், மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்களும் உன் எதிரில் உட்கார்ந்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஒங்க நம்பரையே போடுங்க தம்பி." நீயும் போட்டாய். கடைசி நாலும் ஒரே எண் என்பதால் உன் நம்பர் சுற்று வட்டாரத்துக்கே மனப்பாடம். குறுஞ்செய்தி வந்ததும் வாசித்துச் சொல்வாய். சொல்லி முடித்ததும், பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைக் கேட்டு முடித்த சாமியார் மாதிரி கண்ணை மூடித் திறந்து, "சொன்னேன், மறந்தேன்" என்பாய். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவர்கள் எழுந்து போவார்கள்.

லீவில் வரும்போதெல்லாம் நான் தலையில் அடித்துக்கொள்வேன். இது ஆபத்து, ஒருத்தன் உன் போனைத் தூக்கினால் ஊரே காலி என்பேன். "எம் போனத் தூக்குனா ஊரே அவனத் தொரத்தும், ப்ரொஃபசர். ஒம் போனத் தூக்குனா ஒரு பய வரமாட்டான்" என்றாய். அப்போது நான் வாத்தியாரே இல்லை. அறிவுரை சொல்கிறேன் என்பதற்காக நீ வைத்த பட்டப்பெயர். பிறகு அதுவே என் பிழைப்பாகவும் ஆனது. அதுவும் உன்னால்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பெனியில் என்னை வேலையை விட்டு நிறுத்திய விதத்தை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். திரையில் ஒரு கூட்டம். எங்கள் எல்லோருடைய மைக்கையும் அவர்களே அணைத்துவிட்டார்கள். முகம் தெரியாத ஒரு பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். என் அத்தனை வருஷமும் அவ்வளவுதான். நான் வாயைத் திறந்து ஏதோ பேசினேன், யாருக்கும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து உன் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, டீக்கடையில் "கவலப்படாதீங்க சார், கெடச்சுடும்" என்றார்கள். உங்கள் கோயிலில் எனக்காக வேண்டிக்கொண்டார்களாம். நான் கிறித்தவன்கூட இல்லை. எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி டிரைவர் ஒருவன், வண்டியை நிறுத்தி என்னைத் துக்கம் விசாரித்தான்.

அப்படி ஊர் வாயில் உருண்டதில்தான் பெரம்பலூர்க் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். கல்லூரி நிர்வாகியின் மச்சான் உன்னிடம் பட்டா எடுக்க வந்தவராம். பழைய சம்பளத்தில் பாதி இல்லை. ஆனாலும் வேலை. நன்றி சொல்லுவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை, சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். ஊரில் உள்ள ரகசியம் பூராவும் உன் போனில் கிடக்கிறது, அதில் ஒன்றும் வெளியே போனதில்லை, என்னுடையதை மட்டும் ஏன்டா சொன்னாய்?

நீ பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "அது ரகசியம் இல்லடா, கஷ்டம். ரகசியத்த வெச்சுக்கணும். கஷ்டத்தச் சொல்லிடணும்."

எது ரகசியம், எது கஷ்டம் என்று முடிவு செய்ய நீ யார் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். வெகுநாள் அந்தப் பக்கம் வரவில்லை. நான் நடத்தும் பாடத்தில் இப்படி ஒரு பிரிவினை கிடையாது. ஒருவனுடைய தகவல் அவனுடையது. அவன் சம்மதம் இல்லாமல் அதை நகர்த்தக் கூடாது. வருஷா வருஷம் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சம்மதமே இல்லாமல் நகர்த்தப்பட்ட என் தகவல் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுக்கிறேன். இதில் நான் யாரைக் கோபிப்பது?

நாம் மறுபடி பேச ஆரம்பித்தது நிலாவால். நம் நாடு அனுப்பிய வண்டி அங்கே இறங்கிய அந்தச் சாயங்காலம் ஒரு நகல் எடுக்க எனக்கு வேறு கடை கிடைக்கவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை. சான்றிதழுக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றது. நீ மானிட்டரைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தாய். நிலாவில் வண்டியை இறக்குகிறார்கள், இங்கே ஒரு சாதிச் சான்றிதழ் இறங்க மாட்டேன் என்கிறது என்று நான் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை. இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தே கிழவராகிவிட்ட செல்லமுத்து மட்டும் யோசனையோடு கேட்டார்: "ஏந்தம்பி, அங்கேருந்து சேதி வரணும்ல, அதுக்கு யாரு நம்பரக் குடுத்துருப்பாங்க?"

"என் நம்பரத்தான்" என்றாய். அன்று நானும் சிரித்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அங்கே இருட்டு வந்தது, வண்டியைத் தூங்க வைத்தார்கள். வெயில் வந்த பிறகு அது எழவில்லை. நான் கடைக்கு வரும்போதெல்லாம் "எந்திருச்சுச்சா?" என்று கேட்பாய், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி. அந்தக் குளிரில் பேட்டரி செத்திருக்கும், இனி எழாது என்று விளக்குவேன். "இங்கேருந்து கேட்டுக்கிட்டுத்தான இருப்பாங்க?" என்றாய். கொஞ்ச நாள் கேட்பார்கள் என்றேன். "அப்பறம்?" அப்புறம் வேறு வேலையைப் பார்ப்பார்கள் என்றேன். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் பிடித்துச் சொல்லவில்லை. அறிவியல் அப்படி.

ஒரு காலை, கடை ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய், பிறகு எழவில்லை என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் உன் மனைவி பிலோமினாவின் கைப்பைக்குள் உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் எண் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதை அணைக்கவும் கை வரவில்லை, எடுத்துப் பேசவும் முடியவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து அதை என்னிடம் நீட்டினாள். "கம்ப்யூட்டர் படிச்சவரு நீங்கதாண்ணே. என்ன பண்ணணுமோ பண்ணி முடிச்சுடுங்க."

முடிப்பது சுலபம். நம்பரைத் துண்டித்துவிட்டால் சில மாதங்களில் கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுக்கும். இந்த ஊரின் சிலிண்டரும் பென்ஷனும் அந்த யாரோ ஒருவன் பைக்குள் போய் விழும். அதனால் முதலில் ஒவ்வொருவராக நம்பர் மாற்ற வேண்டும். சனிக்கிழமைகளில் அரியலூர் ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனேன். என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். "அந்தத் தம்பி இருந்தா இப்புடி அலையவுட்டுருக்குமா?" பெரும்பாலும் பிள்ளைகள் நம்பருக்கு மாறிவிட்டார்கள். சிலருக்கு மட்டும் முடியவில்லை. நம்பர் மாற்ற ரேகை வைக்க வேண்டும். கல் உடைத்த விரலில் ரேகை இல்லை. கண்ணைக் காட்டச் சொன்னால் கண்ணில் புரை. செல்லமுத்துவைப் பார்த்து மெஷின் திரும்பத் திரும்ப, இவர் யாரென்று தெரியவில்லை என்றது. அவர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்களேன் சார், நாந்தான்னு" என்றார்.

உன் போனில் எதையும் திறப்பதில்லை என்று உறுதி எடுத்திருந்தேன். ஆனால் மூடிய திரைமேல் தானாக வந்து நிற்பதை என்ன செய்வது? யார் நகை ஏலத்துக்குப் போகிறது, யார் மகள் பரீட்சையில் தவறினாள், யார் வீட்டில் சொல்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், எல்லாம் வருகிறது. இதையெல்லாம் நீ தெரிந்து வைத்துக்கொண்டு, அதே ஆட்களோடு நின்று டீ குடித்து, அரசியல் பேசி, கேலி செய்திருக்கிறாய். உன் முகத்தில் ஒருநாளும் எதுவும் தெரிந்ததில்லை. அவற்றில் எதையாவது கஷ்டம் என்று நினைத்து, யாரிடமாவது போய்ச் சொல்லி, என்னைப்போல் யாருக்காவது வழி செய்தாயா? அதற்காக அவர்களும் உன்னை வெறுத்தார்களா? எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் ஒரு தவறு நடந்துவிட்டது. யாரோ கூப்பிட்டதைத் துண்டிக்கப்போய், விரல் பட்டு பிலோமினாவுக்கு அழைப்பு போய்விட்டது. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மத்தியில் இருந்திருக்கிறாள். அவள் போனில் உன் படமும் உன் பெயரும். எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது. நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். திட்டவில்லை. "இந்த ரீசார்ஜ் முடிஞ்சதும் போடாதீங்கண்ணே" என்றாள். "அந்த நேரம் நான் என்ன நெனச்சேன்னு ஒங்களுக்குச் சொல்லத் தெரியல." சரி என்று தலையாட்டினேன். அவள் கேட்டது நியாயம். என் பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. இறந்தவன் பேரில் உள்ள நம்பரை மற்றவன் வைத்திருப்பது முறையில்லை. இரண்டு நியாயமும் ஒரே பக்கம் நின்றன. அப்படியும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நேற்று வகுப்பு முடிந்து பார்த்தால், இன்றோடு ரீசார்ஜ் திட்டம் முடிகிறது என்று உன் போனில் செய்தி கிடந்தது. நேரே வரதராஜன்பேட்டைக்குப் போனேன். பிலோமினா காபி வைத்தாள். நான் சுற்றி வளைத்துப் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னும் யாருண்ணே பாக்கி?" என்றாள். பெயர்களைச் சொன்னேன். செல்லமுத்து பெயர் வந்ததும், "அவருக்கா? அந்தக் கையில என்ன ரேக இருக்கும்" என்றாள். பிறகு தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உன் நம்பர். அதன் மேல் உன் பெயரும் இல்லை, படமும் இல்லை. 'கடை' என்று மட்டும் இருந்தது.

"இனிமே கைதவறி வந்தாக்கூட, கடையிலேருந்து வருதுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். "போட்டுடுங்க."

அங்கேயே உட்கார்ந்து ரீசார்ஜ் செய்தேன்.

இன்று காலை கல்லூரிக்குப் போகும் பஸ் அரியலூரில் நின்றபோது செல்லமுத்து கூப்பிட்டார். கண் ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறாராம், பதிவு செய்ய எண் கேட்கிறார்களாம். உன் போனைப் பார்த்தேன், வந்திருந்தது. புரை எடுத்தால் மெஷினுக்கு அவர் கண் தெரியும். தெரிந்தால் நம்பர் மாறிவிடலாம். அவர் உன்னிடமிருந்து விலகுவதற்கு உன் நம்பர்தான் வழிவிட வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னேன். பக்கத்தில் யாரிடமோ அவர் திருப்பிச் சொன்னது கேட்டது. அப்புறமும் வைக்கவில்லை.

"என்னங்க, வேற என்ன?" என்றேன்.

"மிச்சத்தச் சொல்லலியே சார்."

"என்ன மிச்சம்?"

"தம்பி சொல்லுமே."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொன்னேன், மறந்தேன்" என்றேன்.

"ம், சரிங்க" என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.

நான் மறக்கவில்லை. அந்த எண் இதை எழுதும்போதும் என் நாக்கில் நிற்கிறது. நேற்றைய சிலிண்டர் எண்ணும் நிற்கிறது. நான் வைத்த பெயரை நீ பலகையில் உன் பெயராக்கிக்கொண்டதும், நீ என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதும் அப்படியே நிற்கின்றன. எதையும் மறக்காதவனிடம் இந்தப் போனைக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷமும் உனக்கு நிஜமாகவே மறந்ததா, இல்லை நீயும் என்னைப்போல, மறந்தேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் இருந்தாயா?