இரட்டைச் சுவர் பாட்டில்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த முறை அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை, அது முழுசாக உன்னிடமாவது இருக்கட்டும். உன் இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே என் முழங்கால் பழைய கதைதான், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, எழுந்தால் உட்கார மாட்டேன் என்கிறது. கடையில் கண்ணாடி வெட்ட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வருகிறவர்களும் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு என் மேல் பாய்கிறார்கள். மாடி வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார், அது ஊரை எல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள், அவளைப் பற்றி வாயைத் திறந்தால் கிள்ளுகிறாள். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாமல் படி, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து வீட்டுக்கும் கூட்டி வந்தாகிவிட்டது.

போன மாதம் ஒரு நாள் வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாயுப் பிடிப்பு, கொஞ்ச நேரத்தில் சரியாகிடும் என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது, வியர்வை கொட்டுகிறது, என்ன வாயுவோ. ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். சிறுநீரகத்தில் கல், அதோடு நீர்த்தாரையில் புண் வேறு. டாக்டரம்மா நல்ல மாதிரி, ஆனால் கோபக்காரி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க என்று கேட்டதற்கு உன் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். காலையில் கிளம்பும்போது ஒரு டம்ளர், சாயங்காலம் வந்து ஒரு டம்ளர். நடுவில் என்று டாக்டரம்மா கேட்க, நடுவில் ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ வாரா வாரம் போனில், நான் அனுப்பின ஸ்டீல் பாட்டில் எப்படிம்மா இருக்கு என்று கேட்பதும், தண்ணி ஜில்லுன்னு இருக்கு கண்ணு, எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேக்கறாங்க என்று அவள் சொல்வதும் என் காதிலும்தானே விழுந்தது.

அந்தப் பாட்டிலை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் போர்வை தேடினேன், பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள். இரண்டு துண்டாக. யாரோ ரம்பம் போட்டு நடுவில் அறுத்திருந்தார்கள். அவளைக் கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கம்பெனியிலிருந்து பக்கத்து மேஜைக்காரி வந்தாள், அவள்தான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

உனக்குத்தான் தெரியுமே, அம்மாவின் கம்பெனியில் கடிகாரத்துக்குள் போகிற பித்தளைப் பல்சக்கரம் செய்கிறார்கள், கடுகு அளவுக்குத்தான் இருக்கும், திருடுகிறவன் நகக்கண்ணில் வைத்துக்கூட எடுத்துப் போய்விடலாம். அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பாட்டில்தான் கொண்டு போகலாம் என்று சட்டம். உள்ளே குடிக்கத் தண்ணீர் கிடையாது, எல்லாப் பெண்களும் ஜூஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார்கள், அது மேஜை விளக்கின் சூட்டில் நாள் முழுக்கக் காய்ந்து மருந்து வாடை அடிக்கும். நீ பிளாஸ்டிக் தூள் வயிற்றுக்குள் போகிறது என்று பாடம் எடுத்து, இனிமேல் அதில் குடிக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கினாய். அவள் அன்றைக்கே வீட்டிலிருந்த பிளாஸ்டிக்கை எல்லாம் தூக்கி எறிந்தாள், என் மூக்குப்பொடி டப்பாவைக்கூட விடவில்லை. நீ அனுப்பின ஸ்டீல் பாட்டில் வந்ததும் மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் பெருமையாக எடுத்துப் போனாள். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு வாசலுக்குப் புதுக் காவலாளி வந்தான், அவனுக்குப் பெண்கள் வைத்த பேர் டார்ச்சு, எதை எடுத்தாலும் டார்ச் அடித்துத்தான் பார்ப்பான். வேலை விட்டு வரும்போது இவள் பாட்டிலைத் தட்டிப் பார்த்தானாம், டொக் டொக் என்று பொள்ளலாகச் சத்தம். உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவுல என்னம்மா வச்சிருக்கே என்று கேட்டானாம். குளிர்ச்சி நிற்பதற்காக அப்படித்தான் செய்வார்கள் என்று அத்தனை பேருக்கு நடுவில் நின்று இவள் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறாள். என் பொண்ணு வாங்கிக் கொடுத்தது என்றாளாம். அது எந்தச் சட்டத்தில் செல்லும். பட்டறையிலிருந்து ரம்பம் வந்தது, அறுத்தார்கள். உள்ளே ஒண்ணுமே இல்லீங்க, காத்துகூட இல்லை என்றாள் பக்கத்து மேஜைக்காரி. தன் இளமை முழுக்க அந்த மேஜையில் குனிந்து கண்ணைத் தேய்த்தவளை வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள் சின்னு. யாரும் ஒரு மன்னிப்புகூடச் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம்தான் உன் அம்மா ஒரு வேலை செய்தாள், அதை அவளைத் தவிர வேறு எவளும் செய்ய மாட்டாள். பிளாஸ்டிக்கில் குடிப்பதில்லை என்று உனக்குக் கொடுத்த வார்த்தையையும் மீறவில்லை, ஸ்டீல் எடுத்துப் போய்க் கம்பெனிச் சட்டத்தையும் மீறவில்லை. தண்ணீரை விட்டுவிட்டாள். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று ஜில்லுன்னு இருக்கு, ஜில்லுன்னு இருக்கு என்று கதை விட்டுக்கொண்டிருந்தாள். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, நீ நல்லதுதான் சொன்னாய், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆளாளுக்கு யோசனை. நான் கண்ணாடிக்காரன் புத்தியில் ஒரு கண்ணாடி பாட்டில் கொடுத்தேன், உள்ளே இருப்பது நன்றாகத் தெரியுமே. உடைந்தால் சில்லு பல்சக்கரம் வைக்கிற தட்டில் விழும் என்று அதற்கும் தடை. உன் மாமா வந்து செம்புப் பாத்திரத்தில் குடித்தால் கல்லே கரைந்துவிடும் என்று ஒரு மணி நேரம் பேசினார், பித்தளைக் கம்பெனிக்குள் செம்பைக் கொண்டு போனால் அவளையே உருக்கிப் பார்ப்பார்கள் என்றேன், கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போய்விட்டார். மண் ஜாடி சொன்னவர்களும் உண்டு. பேசாம பழைய பிளாஸ்டிக்கிலேயே குடிடி, உயிரோட இருக்கிறது முக்கியம் என்று நானே சொன்னேன். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

போன வாரம் மறுபடி வேலைக்குப் போனாள், வெறுங்கையோடு. டார்ச்சு, என்னம்மா தண்ணி பாட்டில் இல்லையா என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு அது வெறும் கேள்விதான், பாவம், அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன். இவள் நின்று, உள்ள குடிக்கத் தண்ணி வச்சா நாங்க எதுக்குப்பா பாட்டில் தூக்கிட்டு வரப்போறோம், உனக்கும் டார்ச் அடிக்கிற வேலை மிச்சம் என்றாளாம். சத்தம் போடாமல் சாதாரணமாகத்தான். பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து மேஜைக்காரி தன் பிளாஸ்டிக் பாட்டிலை அவன் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் வரிசை முழுக்க. அவன் மேஜை நிறைந்து கீழேயும் உருண்டதாம். மதியம் மேலதிகாரி உன் அம்மாவை மட்டும் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை இல்லையா, நாங்க கூப்பிடற வரைக்கும் வீட்டில் ஓய்வெடுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓய்வு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் பேசினது தப்பாங்க என்று நேற்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது.

நேற்று சாயங்காலம் பக்கத்து மேஜைக்காரி வந்து சொன்னாள், உள்ளே குழாய் வைத்த பெரிய ஸ்டீல் டிரம் ஒன்று வைத்துவிட்டார்களாம், நல்ல வடிகட்டின தண்ணீராம், எல்லாரும் போய்ப் போய்க் குடிக்கிறார்களாம். டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். உன் அம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு எழுந்து போய் அடுப்படியில் வெறுமனே நின்றுகொண்டிருந்தாள். அவளை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.

நீ இன்னொரு பாட்டில் வாங்கி அனுப்பாதே. லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம். வேலை போனால் போகட்டும், என் கண்ணாடியை வைத்து இரண்டு வயிற்றைக் கழுவிக்கொள்வேன். எனக்கு இப்போது பெரிய கவலை வேறு. வீட்டில் பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது, தடுக்க யாரும் இல்லை, ஆனாலும் அவள் குடிப்பதில்லை. தாகமே எடுக்கலைங்க என்கிறாள். டம்ளரைக் கையில் கொடுத்தால் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோகிறாள். கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, தண்ணீர் இறங்கினால்தான் அதுவும் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் கத்திதான். நான் கெஞ்சியாகிவிட்டது, திட்டியாகிவிட்டது, எனக்குச் சலித்துப்போய்விட்டது சின்னு.

நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நல்லா இருக்கேன், நிறையக் குடிக்கிறேன் என்பாள், நம்பாதே. பாட்டில் பேச்சை எடுக்காதே, நான் எழுதினதையும் காட்டிக்கொள்ளாதே. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல், போனைக் காதில் வைத்தபடியே குடிக்கச் சொல், கடைசி வாய் இறங்குகிற சத்தம் கேட்கிறவரை ஒன்றும் பேசாமல் இரு. தினமும் கூப்பிட முடிந்தால் தினமும் கூப்பிடு. உனக்காக நிறுத்தினவள், நீ கேட்டுக்கொண்டிருந்தால் குடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா